எஸ்.பி.பி. நினைவு நிகழ்ச்சிக்காகப் பாரிஸ் வரை போகலாமா?

தம்பி, மேற்படிப்புக்காக ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், செமஸ்டர் விடுமுறையில் பாரிஸ் சுற்றிப் பார்க்கப் போவதாகவும், அதே வாரக் கடைசியில் அங்கே எஸ்.பி.பாலசுப்ரமணியம் நினைவு இசை நிகழ்ச்சி நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நுழைவுச்சீட்டு விலை மாணவருக்குக் கொஞ்சம் கனம், துணைக்கு ஆளில்லை, வருபவர்கள் பெரும்பாலும் ஈழத்தமிழர்கள் என்பதால் மதுரைக்காரரான நீங்கள் ஒட்டாமல் நிற்க வேண்டியிருக்குமோ என்ற தயக்கம் வேறு. கடைசியில், "யூடியூபிலேயே அவர் குரல் இருக்கும்போது வேறொருவர் பாடிக் கேட்பதற்கு இவ்வளவு செலவு செய்யலாமா, அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் குரலைத் தேடிப் போகாதீர்கள். அது அந்த மண்டபத்தில் கிடைக்காது.

அங்கே கிடைப்பது என்னவென்று புரிய, 2020ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் ஆகஸ்ட் 5ஆம் தேதி சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார், செப்டம்பர் 25ஆம் தேதி காலமானார். இடைப்பட்ட நாட்களில், ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு எல்லாரும் அவரவர் வீட்டில் அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திப்போம் என்று இயக்குநர் பாரதிராஜா அழைத்தார். அப்போது இங்கே ஐரோப்பாவில் மதியம் இரண்டரை மணி. வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கூட்டத்தில் இருந்த நான், ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டேன். திரையில் சக ஊழியர்கள் ஏதோ கணக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்ததையும் கைப்பேசித் திரையில்தான் பார்த்தோம். ஊரில் இருந்தவர்களுக்கே கொரோனாக் கட்டுப்பாடுகளால் சரியாக அஞ்சலி செலுத்த முடியவில்லை என்னும்போது, விமானமும் இல்லாமல் வெளிநாட்டில் கிடந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டுக்குப் போக முடியாதவர்கள் பிறகு ஒருநாள் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவதில்லையா, ஐரோப்பாவில் நடக்கும் இந்த நினைவு நிகழ்ச்சிகளுக்கு வரும் கூட்டத்தில் பாதி அப்படி வருகிற கூட்டம்தான். அரங்கில் ஆயிரம் பேர் ஒரே பல்லவியைத் தாங்களாகப் பாடத் தொடங்கும்போது, மேடையில் இருப்பவர் ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவிட்டு நிற்பார். அதை யூடியூபில் கேட்டால் வெறும் இரைச்சலாக இருக்கும்.

பாடகர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஸ்.பி.பி.யைப் போலவே பாடுகிறேன் என்று வருபவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் பாட்டுக்கு நடுவே சிரிக்கும் சிரிப்பைப் பலர் அப்படியே பிடித்துக் காட்ட முயல்வார்கள். அந்த இடத்தில் அரங்கம் கொஞ்சம் நெளியும். 'கேளடி கண்மணி'யில் மூச்சுவிடாமல் பாடியதாகப் பெயர் பெற்ற பாட்டு எந்த நினைவு நிகழ்ச்சியிலும் தவறாது, அது பாட்டு என்ற நிலை போய்ப் பந்தயமாகவே ஆகிவிட்டது. கைதட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். தன் குரலில், தன் சுருதியில், அலட்டிக்கொள்ளாமல் பாடும் ஒருவர் எப்படியும் இருப்பார். அவருக்காகத்தான் நீங்கள் கொடுத்த பணம். ஜோடிப் பாடல்களில் பெண் குரலுக்குப் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை ஏற்றுவார்கள். ஒருமுறை நான் முன்வரிசையில் இருந்தபோது, ஒரு பெண்ணின் முன்னால் இருந்த டேப்லெட்டில் பாட்டு முழுவதும் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப ரோமன் எழுத்தில் இருந்ததையும், குரல் வளைந்து நெளியும் சங்கதிகள் வரும் இடங்களிலெல்லாம் அவள் கையாலேயே மேலும் கீழும் கோடு கிழித்து வைத்திருந்ததையும் பார்த்தேன். சரணத்தில் ஒரு சொல் தடுக்கியது. ஆனால் சுருதி இம்மியும் விலகவில்லை.

நுழைவுச்சீட்டு வாங்குமுன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: வாத்தியக் கலைஞர்கள் மேடையில் இருக்கிறார்களா, அல்லது பதிவுசெய்த இசைக்கு மேல் பாடுகிறார்களா? பின்னது என்றால் அந்த விலை அதிகம். தபேலாவும் வயலின்களும் புல்லாங்குழலும் நேரில் ஒலிக்கும் நிகழ்ச்சி என்றால் யோசிக்க வேண்டாம். தமிழில் 1969இல் 'அடிமைப் பெண்' காலத்தில் தொடங்கி அரை நூற்றாண்டு பாடியவருடைய பாடல்களில், இசைக்கருவிகள் அவர் குரலுக்குப் பதில் சொல்லும் இடங்கள் எத்தனை என்பது நேரில் கேட்கும்போதுதான் தெரிகிறது. விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால், மண்டப வாடகை, ஒலி அமைப்பு, கலைஞர்களின் விசா, விமானச் செலவு எல்லாவற்றுக்கும் மேலாக, பொது மேடையில் பாட்டுப் பாடுவதற்குப் பிரான்சில் சாசெம் என்ற உரிமை அமைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனியில் கேமா இருப்பதைப் போல.

ஈழத்தமிழர் கூட்டத்தில் ஒட்டுமா என்ற உங்கள் தயக்கத்துக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். அப்படியொரு நிகழ்ச்சியில் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்ட கதையைச் சொன்னார். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்துவிடும் என்பதால் அண்ணனும் தம்பியும் முறைவைத்துச் சுற்றுவார்களாம். நாம் டீக்கடை வாசலிலும் பேருந்திலும் சும்மா கேட்ட பாட்டை அவர்கள் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள், மதுரை என்று சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்துபோன கதை ஒன்று பெரும்பாலும் வரும். தனியாக வந்த பிள்ளை என்று தெரிந்தால் இடைவேளையில் ரோல்ஸும் தேநீரும் உங்கள் கைக்கு வந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை.

பயண ஆவணங்களில் மட்டும் கவனமாக இருங்கள். ஜெர்மனியின் குடியிருப்பு அட்டையோ, நீங்கள் வந்திறங்கிய, இன்னும் காலாவதியாகாத தேசிய நுழைவு விசாவோ இருந்தால், பாஸ்போர்ட்டுடன் பிரான்ஸ் போன்ற மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை போகலாம். இரண்டும் இல்லாமல், அட்டைக்கு விண்ணப்பித்ததற்கான இடைக்காலத் தாள் மட்டும் கையில் இருந்தால், வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்தாமல் எல்லை தாண்ட வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துவதால், திரும்பும்போது ஜெர்மனியின் எல்லை நகரமான ஆஹன் பக்கத்தில் காவலர்கள் ரயிலில் ஏறிக் கேட்கக்கூடும்; கைப்பேசியில் இருக்கும் படம் செல்லாது, அசலையே கையில் வைத்திருங்கள். இதே நிகழ்ச்சி லண்டனில் நடந்திருந்தால் பிரிட்டனுக்குத் தனியாக விசா எடுக்க வேண்டியிருந்திருக்கும், நானும் இவ்வளவு உற்சாகமாகப் போகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கொலோனிலிருந்து யூரோஸ்டார் ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் பாரிஸின் கார் து நோர் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடை. ஜெர்மனியின் உள்ளூர் ரயில், பேருந்துகளுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட் இந்த ரயிலுக்குச் செல்லாது. முன்கூட்டியே பதிந்தால் விலை பாதியாகவும் குறைவதுண்டு. நிகழ்ச்சி ஆறு மணி என்று அச்சிட்டிருந்தால் ஏழுக்குக் குறைந்து தொடங்காது. குத்துவிளக்கு, வரவேற்புரை, அனுசரணையாளர்களுக்குப் பொன்னாடை என்று ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் முதல் பாட்டு வரும். முடிவதற்கு நள்ளிரவாகும், மண்டபமும் பெரும்பாலும் புறநகரில்தான் இருக்கும். பாரிஸ் மெட்ரோ வார நாட்களில் இரவு ஒன்றேகால் மணி அளவிலும், வெள்ளி, சனி இரவுகளில் அதற்கு ஒரு மணி நேரம் கழித்தும் நின்றுவிடும், புறநகர் ரயில்கள் அதற்கும் முன்னதாக. அதனால் நடைபாதையை ஒட்டிய இருக்கை கிடைத்தால் வாங்குங்கள், தங்குமிடத்தை மண்டபத்துக்குப் பக்கத்திலேயே பாருங்கள்.

அப்பாவும் எஸ்.பி.பி.யின் ரசிகர் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இரவு ஒன்பது என்றால் மதுரையில் நள்ளிரவு தாண்டியிருக்கும், ஆகையால் நேரலையில் காட்டுகிறேன் என்று அவரை விழிக்க வைக்காதீர்கள். அவருக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டைப் பதிவுசெய்து அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பும் ரயிலில் இடம் பதிந்தால், காலையில் லா சப்பலில் இடியாப்பமும் சொதியும் சாப்பிடவும் நேரம் இருக்கும்.