கேள்வி-பதில்: முதல் வாரம் பாம்பைத் தொடாதீர்கள்

கே: மகன் ஆசைப்பட்டான் என்று பால் பைத்தன் (ball python) என்ற மலைப்பாம்புக் குட்டி ஒன்று வாங்கினோம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கழுத்தில் போட்டுக் காட்டினார்கள், சாதுவாக இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்று நாளாகக் கையை நீட்டினாலே சீறுகிறது, தலையை உள்ளே இழுத்துச் சுருண்டு கொள்கிறது. பாம்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? - வாசகி, பெஸ்தாரி ஜெயா

ப: அதே பாம்புதான் அம்மா. அங்கே பயத்தில் உறைந்து கிடந்ததைத்தான் சாது என்று காட்டியிருக்கிறார்கள். எனக்குப் பல நாளாக ஆத்திரம் இதில்தான். ஒரே பாம்பை மாலை முழுக்கக் கை மாற்றி மாற்றிப் படம் பிடிக்கக் கொடுத்துவிட்டு "ஜினாக், ஜினாக்" (சாது, சாது) என்று கூவி விற்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் ஒளிந்திருக்கும் ஜீவன் அது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருளும். 'பால்', அதாவது பந்து, என்ற பெயரே அதனால் வந்ததுதான். வாங்கிப் போகிறவரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? சொன்னால் விற்காது என்று பயம்.

சரி, இனி ஒரு வாரம் தொடவே வேண்டாம். தண்ணீர் மாற்ற மட்டும் கை உள்ளே போகட்டும். உடம்பு உரசுகிற அளவில் இரண்டு ஒளிவிடம் வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வாசல் வெட்டிக் கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பாவே போதும். ஒரு தடவையாவது தானாக இரை எடுத்த பிறகுதான் தூக்க வேண்டும். இரை எடுத்தால் அடுத்த இரண்டு நாள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கக்கிவிடும்.

தூக்கும் முன் மகனை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். எலி வாசம் ஒட்டியிருந்தால் விரலையும் இரை என்று நினைக்கும். தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் பருந்து என்று மிரளும். பக்கவாட்டில் போய் உடம்பின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் தாங்கட்டும். முதலில் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு மூன்று தடவை. அப்புறம் பத்து, பதினைந்து. நாக்கை நீட்டி நீட்டி நிதானமாகக் கைமேல் ஊர்ந்தால் பழகுகிறது என்று அர்த்தம். கழுத்து 'எஸ்' போல வளைந்து பின்வாங்கினால் உடனே உள்ளே விட்டுவிட வேண்டும். கண் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது; பார்வை தெளிவாக இருக்காது, அந்த நாட்களில் தொந்தரவு வேண்டாம். வைத்த பிறகும் கை கழுவ வேண்டும், சால்மொனெல்லா கிருமி சாதாரணமானதல்ல.

கே: செம்பனைத் தோட்டத்தில் பிடித்த மலைப்பாம்புக் குட்டியை ஒருவர் 80 வெள்ளிக்குத் தருகிறார். சின்னதிலிருந்து வளர்த்தால் பழகுமா? - வாசகர், இஜோக்

ப: வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஆறு மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. எலி தின்று செம்பனையைக் காக்கிற பாம்பு தோட்டத்திலேயே இருக்கட்டும்.

கே: இணையத்தில் படம் பார்த்துப் பணம் அனுப்பிப் பால் பைத்தன் வாங்கினேன். ரசீது இல்லை, உரிமமும் கேட்கவில்லை. மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. - வாசகர், கோல சிலாங்கூர்

ப: தம்பி, ஒரு கைப்பேசி வாங்கினால் எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்கள்? உயிருள்ள ஒன்றுக்கு ஒரு கேள்விகூட இல்லையா? இப்போதாவது விற்றவரிடம் அது உயிர் எலி தின்றதா, உறைய வைத்ததா, கடைசியாக எப்போது தின்றது என்று கேளுங்கள். உரிமத்துக்கு இன்றே பெர்ஹிலித்தான் அலுவலகம் போங்கள். இந்த இனம் சில வாரம் பட்டினி கிடப்பது சகஜம். உடம்பு மெலிந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கே: ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரனின் சோளப் பாம்புக்குக் கடைக்காரர் பேச்சை நம்பி மின்சாரச் சூட்டுக்கல் வாங்கினேன். வயிறு வெந்துவிட்டது, தொட்டாலே துடிக்கிறது. பணம் கேட்டால் "நீங்கள் சரியாக வைக்கவில்லை" என்கிறார். ரசீது இருக்கிறது. - வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை

ப: ஐயா, உங்கள் மேல் தவறே இல்லை. நானும் ஒரு கடையில் இதே மாதிரிக் கல்லை வாங்கி என் மகளின் பாம்பைச் சுட்டுவிட்டேன். வயிற்றுச் செதில்கள் கருகிய அப்பளம் போல் சுருங்கியிருந்தன. இரண்டு மாதம் மருந்து போட்டோம், அதுவரை யாரும் கையில் எடுக்கவில்லை. அந்தக் கல்லில் ஓரிடம் மட்டும் கொதிக்கும், பாம்போ சுடுகிறது என்று விலகாமல் அதன் மேலேயே கிடக்கும். நம் ஊர் வெக்கைக்குப் பெரும்பாலான வீடுகளில் தனிச் சூடே தேவையில்லை. தேவைப்பட்டால் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்திய சூட்டுப் பாய் தொட்டிக்கு அடியில் போதும்.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டிப் புண்ணைப் படம் எடுங்கள், செலவு ரசீதையும் வாங்குங்கள். பிறகு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அந்தக் கல்லை மட்டும் வீசிவிடாதீர்கள் ஐயா, பெட்டியோடு எடுத்து வையுங்கள்.