வலைக்கு என்ன நிறம்? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் நார்ஃபக்கில் பண்ணைகளுக்கு முயல் பிடித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட, பழக்கிய ஃபெர்ரட் என்ற விலங்கைப் பொந்துக்குள் விட்டு, வெளியே ஓடிவரும் முயலை வலையில் பிடிப்பதுதான் என் முறை. இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வலையைப் பற்றியவை. புல்லும் புதரும் அடங்கும் காலம் நெருங்குவதால் அவற்றை இப்போதே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, நாங்கள் நார்விச் பக்கம் ஒரு பண்ணையில் வேலை செய்கிறோம். முதலாளி இரண்டு ஃபெர்ரட்டைக் கொடுத்து, வேலியோர முயல்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். சுருக்கு வலை வாங்கப் போனால் பச்சை, பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று விற்கிறார்கள். பச்சைதானே முயல் கண்ணில் படாது? ஆரஞ்சைப் பார்த்தால் மிரண்டு உள்ளேயே நின்றுவிடாதா? – நார்ஃபக் வாசகர்

பாதி ஆரஞ்சு, பாதி நீலம் வாங்குங்கள் தம்பி. பச்சை வேண்டவே வேண்டாம்.

முயல் வெளியே வரும் விதத்தை முதலில் யோசித்துப் பாருங்கள். பின்னால் ஃபெர்ரட் துரத்துகிறது. முயல் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பாய்கிறது. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் முதுகுக்குப் பின்னால் வருவதுகூடத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சிறிய இடம் மட்டும் தெரியாது. வலை விரித்திருப்பது அந்த இடத்தில்தான். அடுத்து நிறம். முயலின் கண்ணில் நிறம் காணும் அணுக்கள் இரண்டே வகை: ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று பச்சைக்கு. சிவப்புக்கு இல்லை. அதனால் நம் கண்ணைக் குத்தும் ஆரஞ்சு, புல்லின் நடுவே முயலுக்குப் பெரிதாகப் பிரிந்து தெரிவதில்லை. நீலம் தெரியும். ஆனாலும் ஓடிவரும் முயல் நீல வலையைப் பார்த்து நின்றதாக என் அனுபவத்தில் இல்லை.

முயலைத் தடுப்பவை வேறு. கனமான பூட்ஸ் சத்தம், பொந்துக்கு மேலே நடக்கும்போது மண்ணில் எழும் அதிர்வு, பேச்சு, காற்றில் படபடக்கும் வலை. இவைதான். சில முயல்கள் பாயாமல் மெதுவாக வந்து, பொந்து வாயில் உட்கார்ந்து வெளியே பார்க்கும். அந்த முயலுக்கு ஆடும் வலை ஆபத்தாகத் தெரியும். ஆடாத வலை எந்த நிறமாக இருந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. ஆகவே நிறத்துக்காகக் கவலைப்படும் நேரத்தில் வலையை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். கீழ் வளையம் பொந்தின் கீழ் உதட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். வலை வாய் முழுவதையும் மூடி, ஓரங்களில் தரையோடு படிந்திருக்க வேண்டும். இழுத்துப் பிடித்த மாதிரி விறைப்பாக இருக்கக் கூடாது. சுருக்குக் கயிற்றைக் கட்டிய முளையை மேல்பக்கம் ஆழமாக அடியுங்கள். முயல் வலையின் நடுவில் மோதியதும் வளையங்கள் வழியாகக் கயிறு ஓடி, பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பை மாதிரி வலை மூடிக்கொள்ளும். முளை பிடுங்கிக்கொண்டு வந்தால் கயிறு இறுகாது. முயல் வலையோடு புதருக்குள் போய்விடும்.

சரி, நிறம் யாருக்காக என்றால், அது நமக்காகத்தான். சாயங்காலம் வலைகளைச் சுருட்டும்போது ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இருட்டியதும் உள்ளே மிஞ்சியிருந்த முயல் மேய வெளியே வரும். வலையில் விழும். எடுத்துவிட யாரும் இல்லை. விடியும்வரை, சில சமயம் அதற்குப் பிறகும், அது துடித்துக்கொண்டே கிடக்கும். முள்ளெலி சிக்கலாம், ஃபெசன்ட் கோழி சிக்கலாம், பக்கத்து வீட்டுப் பூனை சிக்கலாம். நைலான் மக்காது, அடுத்த வருடமும் அங்கேயே கண்ணியாகக் காத்திருக்கும். இதை நான் ரொம்பக் கடுமையாகவே பார்க்கிறேன். முயலை உடனே, வலியில்லாமல் கொன்றுவிடுவோம் என்ற உறுதியில்தான் இந்த வேலையைச் செய்கிறோம். ஒரு வலையை மறந்துவிட்டுப் போகிறவர் அந்த உறுதியை மீறுகிறார். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், மனிதன் கட்டுப்பாட்டில் வந்த காட்டு விலங்குக்கும் பொருந்தும். வலையில் விழுந்த முயலும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

பச்சை வலையை நான் ஒதுக்குவது இதற்காகத்தான். வேலியடியில் பிளாக்பெர்ரி முள்ளும் ஐவிக் கொடியும் குளிர்காலத்திலும் பச்சையாகவே கிடக்கும். அதற்குள் பச்சை வலையைத் தேடுவது கொடுமை.

ஆனால் ஆரஞ்சு எல்லா இடத்திலும் எடுபடாது. நவம்பரில் பீச் மரங்களின் கீழே போய்ப் பாருங்கள். உதிர்ந்த இலையெல்லாம் செம்பும் ஆரஞ்சுமாகத்தான் கிடக்கும். காய்ந்த பிராக்கன் பெரணியும் அதே நிறம். அங்கே நீல வலைதான் கண்ணில் படும். நம் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, தரையில் இயற்கையாகக் கிடக்கும் பொருள்களில் நீலம் மிகவும் அபூர்வம். உழுத நிலத்தின் ஓரத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். பனி விழுந்த நாளில் வெள்ளையை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், பொழுது சாய்வது. டிசம்பரில் நார்ஃபக்கில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பும் அதை ஒட்டிய ஆரஞ்சும்தான். நீலம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நண்பகலில் கண்ணைப் பறித்த ஆரஞ்சு வலை மூன்றரை மணிக்கு வேலியடியில் கறுத்துப்போயிருக்கும். அதனால் முளைகளின் தலையில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுங்கள். வலை இலையில் மூழ்கினாலும் முளைத் தலை காட்டிக்கொடுக்கும். அரைமணி நேர வேலை, செலவும் பெரிதாக இல்லை.

எண்ணிக்கை மட்டும் எந்த நிறத்துக்கும் தேவை. பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். கட்டில் ஒன்று குறைந்தால், கிடைக்கும்வரை யாரும் வண்டியில் ஏறக் கூடாது. மழை பெய்தாலும் சரி.

வலை ஹெம்ப் நாரில் நல்லதா, நைலானில் நல்லதா? பெரியவர்கள் ஹெம்ப்தான் என்கிறார்கள். – லெஸ்டர் வாசகர்

பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹெம்ப் என்பது சணலைப் போன்ற ஒரு செடி நார்; அந்த வலைக்குக் கனம் உண்டு. பொந்து வாயில் போட்டால் போட்ட இடத்தில் படிந்து கிடக்கும், காற்றுக்கு அசையாது, முள்ளில் சிக்கினாலும் கையோடு வந்துவிடும். மெல்லிய நைலான் துள்ளும், முறுக்கிக்கொள்ளும். ஆனால் ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தால் ஹெம்ப் உளுத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் கொடியில் உலர்த்த இடமும் பொறுமையும் இருப்பவர்கள் ஹெம்ப் வாங்கலாம். மற்றவர்கள் நூற்ற நைலானில் கனமான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். நீளம் நாலு அடி இருந்தால் பெரும்பாலான பொந்துகளுக்குப் போதும்.

அந்தக் காலத்துப் பழுப்பு வலைக்குப் பின்னால் நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. பருத்தி, ஹெம்ப் வலைகள் உளுக்காமல் இருக்கத் துவர்ப்புச் சத்துள்ள மரச்சாற்றில் தோய்ப்பார்கள். பிரிட்டிஷ் மீனவர்கள் தங்கள் வலைகளுக்கும் படகுப் பாய்களுக்கும் அப்படிப் பயன்படுத்தியதில் முக்கியமானது காசுக்கட்டி. ஆமாம், வெற்றிலையோடு போடுவோமே, அதேதான். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அந்தச் செம்பழுப்பு வலை நீண்டநாள் உழைப்பதற்காகக் கிடைத்த நிறம். முயலை ஏமாற்ற யாரும் தேர்ந்தெடுத்தது இல்லை. இன்றைய நைலானுக்கு உளுத்துப்போகும் பயமே இல்லாதபோது அதைப் பழுப்பில் வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நண்பர்கள் ஆரஞ்சு வலை போட்டால் நான் ஒன்றைக்கூடக் கண்டுபிடிப்பதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? – கவென்ட்ரி வாசகர்

தாராளமாகச் செய்யலாம். இங்கே ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. அதாவது ஒரு பெரிய முயல் பிடிக்கும் கூட்டத்தில் உங்களைப் போல இன்னொருவர் சொல்லாமல் இருப்பார். கிட்டத்தட்ட முயல் பார்க்கிற மாதிரிதான் நீங்களும் அந்த ஆரஞ்சைப் பார்க்கிறீர்கள். நீலமும் வெள்ளையும் வாங்குங்கள். இரண்டுமே உங்கள் கண்ணுக்குப் புல்லிலிருந்து பிரிந்து தெரியும். என்னோடு வேலைக்கு வரும் கூட்டாளிக்கும் இதே குறைதான். வேலியின் அவர் பக்கம் முழுவதும் நீலம், என் பக்கம் கலந்து போடுவோம். எடுக்கும்போது பக்கம் மாறி இன்னொரு தடவை நடப்போம். இருவேறு கண்கள் பார்ப்பதால் ஒன்றும் தப்புவதில்லை.

புதிதாக யாரோடாவது போவதாக இருந்தால் முதலிலேயே உங்கள் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. பகலில் ஃபெர்ரட்டோடு புதரைச் சுற்றிக் கட்டும் நீள வலைக்கும் இதே யோசனைதான்.

ஃபெர்ரட் என்றால் என்ன? நம் ஊர் முயலை இப்படிப் பிடிக்க முடியுமா? எப்படியிருந்தாலும் வாயில்லா ஜீவனைக் கொல்வது பாவம் இல்லையா? – மதுரை வாசகி

ஃபெர்ரட் கீரியைப் போல நீண்ட உடலும் குட்டைக் காலும் கொண்டது, ஆனால் கீரி இனம் இல்லை. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து பழக்கப்படுத்தப்பட்டது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்பெயினில் முயல் தொல்லைக்கு இதைப் போன்ற விலங்கை வாய்க்கட்டுப் போட்டுப் பொந்துக்குள் அனுப்பியதை ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக்கு முயலைக் கொண்டுவந்து பரப்பியவர்கள் நார்மன்கள். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியம் ஒன்றில், இரண்டு பெண்கள் ஃபெர்ரட்டை விட்டு, பொந்து வாயில் வலை போட்டு முயல் பிடிக்கிறார்கள்.

நம் ஊர் முயலிடம் இது நடக்காது, நடக்கவும் கூடாது. அது பொந்து தோண்டுவதில்லை. புல்லுக்குள் பள்ளம் செய்து படுத்துக்கொள்ளும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். இங்கே நான் பிடிப்பது வேறு இனம். வீடுகளில் வளர்க்கிறோமே, அந்த முயலின் காட்டு வகை.

பாவமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கூட்டமாக வந்தால் இவை குளிர்காலப் பார்லியின் ஓரத்தைத் தரையோடு மேய்ந்துவிடும், இளம் மரங்களின் பட்டையை உரித்துவிடும். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் பொறுப்பு. அவர் நச்சுப் புகை போட்டால் பொந்துக்குள் இருப்பது அத்தனையும் சாகும். வலையில் வந்த முயலை அந்த நொடியே கழுத்தை ஒடித்து முடித்துவிடலாம், இறைச்சியும் வீணாகாது. அதனால் இதைச் செய்கிறேன்.

ஆனால் எங்கும் பிடிப்பதில்லை. 1953இல் வந்த மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டனின் முயல்களில் 100க்கு 99ஐ அழித்தது. பிறகு பெருகின, அப்புறம் ரத்தக்கசிவு நோய் வந்து பல இடங்களில் மறுபடியும் குறைந்துவிட்டன. எங்கள் பக்கத்துப் பிரெக்லாண்ட் மணல்வெளியில் முயல் புல்லைக் குட்டையாக மேய்ந்து வைத்தால்தான் ஸ்டோன் கர்லூ என்ற கண்கிலேடி இனப் பறவை கூடு வைக்கும். அங்கே என்னைக் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

எந்த மாதம் தொடங்கலாம்? ஃபெர்ரட்டில் வெள்ளை நல்லதா, கறுப்பு நல்லதா? – இப்ஸ்விச் வாசகர்

இலை உதிர்ந்த பிறகு தொடங்கி பிப்ரவரி கடைசிக்குள் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு பொந்துக்குள் குட்டிகள் இருக்கும்; தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது, ஃபெர்ரட்டும் குட்டிகளைத் தின்றுவிட்டு உள்ளேயே படுத்துவிடும். நிலத்துக்காரரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பேட்ஜர் என்ற, குழி தோண்டி வாழும் காட்டு விலங்கின் குழியாக இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். 1992ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

வேலை செய்வதில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இல்லை. வேலியடி இருட்டில் கண்ணில் படும் என்பதால் நான் வெள்ளை வைத்திருக்கிறேன். சின்ன உடம்புள்ள பெண் ஃபெர்ரட்டாக எடுங்கள். ஃபெர்ரட்டின் கழுத்தில், அது இருக்கும் இடத்தைக் காட்டும் மின்பட்டை கட்டாயம் இருக்கட்டும். பேட்டரியை வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.