துச்சாதனன் மன்னிப்புக் கேட்கும் இடம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் மனைவியின் ஊருக்கு, செஞ்சிப் பக்கம், திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். விடிய விடியக் கூத்து பார்த்தது அதுதான் முதல்முறை. அன்று துகில், அதாவது துச்சாதனன் திரௌபதியின் சேலையை உரியும் கதை. கோமாளி வேஷமான கட்டியக்காரன் பேச்சில் பாதி, குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க முடியாதது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தூங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துச்சாதனன் சேலையில் கைவைக்க வேண்டிய நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். உச்சக்கட்டமே உடைந்துபோனது. இதையெல்லாம் செப்பனிட்டு இரண்டு மணி நேரத்தில் மேடையேற்றினால் என்ன?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உடைந்தது என்று நீங்கள் சொல்லும் அந்த இடத்துக்காகத்தான் நான் துகில் பார்க்கப் போவேன்.

அந்த நடிகரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எதிரே சேலை கட்டி நிற்பது தன்னோடு ஒரே வண்டியில் வந்து இறங்கிய ஆண் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காப்புக் கட்டிய ஊரில், அம்மன் சன்னதிக்கு எதிரில், அந்த வேஷம் திரௌபதி மட்டுமில்லை, ஊர் கும்பிடும் தாயும்தான். அவள் சேலையை ஊரார் கண்முன்னே இழுக்க வேண்டும். நான் கட்டியது வேஷம், பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டுதான் முந்தானையைத் தொடுகிறார். தொட்டபின் அவருக்கோ திரௌபதி வேஷக்காரருக்கோ அருள் வந்து, ஆட்கள் ஓடிப்போய்ப் பிடிக்கும்படி ஆவதும் உண்டு. அவர் கும்பிடாமல் இழுத்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்திருக்கும். பக்கத்தில் இருந்த பாட்டிக்கு அடிவயிறு கலங்கியிருக்காது.

தூக்கத்துக்கு வருகிறேன். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லி முடித்த பகுதியைத்தான் பெரும்பாலும் இரவில் ஆடுகிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் காத்திருப்பதில்லை. செய்யாறு பக்கம் ஒரு கர்ண மோட்சத்தில் நான் பாதிக் கூத்தைத் தூங்கிக் கழித்தேன். பக்கத்துப் பாயில் இருந்த பெரியவர், "எழுந்திரு, கிருஷ்ணன் தானம் கேட்க வந்துட்டாரு" என்று தொடையில் தட்டி எழுப்பினார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற கணக்கு அவரிடம் இருந்தது.

கட்டியக்காரன் விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை, "நீ யார், எந்த ஊர்" என்று மடக்கிக் கேட்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான் உண்டு. நல்ல கட்டியக்காரன் ஊர்ச் சண்டையையும் ரேஷன் கடையையும் அஸ்தினாபுரத்துக்குள் கொண்டுவந்துவிடுவான். சரக்கு இல்லாதவன் இரட்டை அர்த்தத்தில் ஓட்டுகிறான். அப்படிப்பட்டவர்கள் கூடிவிட்டார்கள், மறுக்கவில்லை.

இரண்டு மணி நேரக் கூத்து புதிதல்ல. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து மேடைகளில் ஆடியிருக்கிறார். புரிசைக் கூத்தைப் பார்த்துக் கிறங்கியவர்தான் 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி. அவையும் வேண்டும்தான். ஆனால் அரங்கத்தில் கற்பூரம் ஏற்றப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. துச்சாதனன் யாரிடம் கேட்பான்?

அடுத்த முறை போனால் இரவுக் கூத்தான பதினெட்டாம் போர் முடிந்ததும் பஸ் பிடிக்காதீர்கள். காலையில் படுகளம் இருக்கிறது. ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு, மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். இரவில் ஆடிய அதே பீமனும் துரியோதனனும் அரிதாரம் வியர்வையில் வழிய, அந்த உடலைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்த சட்டி உடைந்து சிவப்பு நீர் கசியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

அத்தோடு கிளம்பிவிடாதீர்கள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். பத்து நாளாக அவனைத் திட்டித் தீர்த்த அதே பெண்கள் அப்போது மூக்கைச் சிந்துவார்கள். பிறகு அவன் உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் வீட்டிலும் இருக்கலாம்.