பழைய மாருதி ஜென் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது, ஸ்டியரிங்கும் அலைபாய்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

இரண்டும் சேர்ந்து வந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள், முதலில் சக்கரங்கள். டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். அப்புறம் முன் டயரைக் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். கை போகும்போது வழுவழுப்பு, கை திரும்பி வரும்போது ரம்பம்போல் உரசல் என்றால் டோ அலைன்மென்ட் (முன் சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கும் கோணம்) கெட்டிருக்கிறது. டயர் இழுபட்டே உருளும், மைலேஜும் போகும்.

உடனே அலைன்மென்டுக்கு ஓட வேண்டாம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடவலமாக ஆட்டுங்கள். லொடலொடத்தால் டை ராட் எண்டை (ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வெட்டிச் செலவு. மேல்கீழாக ஆடினால் சக்கர பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) தேய்ந்திருக்கிறது. நியூட்ரலில் கையால் சுற்றும்போது இறுகினால் பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) விடாமல் ஒட்டுகிறது.

இதெல்லாம் சரியா? தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைக்கும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். சூடாகிறது என்று அதைக் கழற்றிப் போடும் மெக்கானிக்குகள் உண்டு. எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும் வகை) இன்ஜின் சூடேறவில்லை என்று கணக்குப் போட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும்.