நெகட்டிவ் ஸ்கேன் பண்ண எந்த மெஷின் வாங்கலாம்? மலைக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

குன்னூர்ல ரொம்ப வருஷம் ஸ்டூடியோ வச்சிருந்தேன், டார்க்ரூம மூடுனதுக்கப்புறம் இப்ப வீட்லயே மத்தவங்க பழைய நெகட்டிவ ஸ்கேன் பண்ணிக் குடுக்கறேன். ஸ்கேனர் வாங்கறதப் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு ஒரு வரி போட்டேன், அதுக்கு வந்தது இதெல்லாம். ஒரே மாதிரி கேட்டவங்கள சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

ஊட்டி: அண்ணா, அப்பாவோட ட்ரங்க் பெட்டி நிறைய நெகட்டிவ் இருக்கு, எல்லாம் 35 எம்எம். ஒரு ஸ்கேனர்ல 6400 டிபிஐன்னு போட்டிருக்கான், இன்னொன்னுல 7200. பெருசு எதுவோ அதையே வாங்கிடவா?

தம்பி, அந்த நம்பர பாத்து ஏமாறாதீங்க. டிபிஐன்னா ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளின்னு கணக்கு, மெஷின் எவ்ளோ பொடிப்பொடியா அளவெடுக்குதுங்கறதுதான் அது, லென்ஸ் அவ்ளோ கூர்மையா பாக்குதான்னு அது சொல்லாது. எப்சன் வி600 அட்டைப்பெட்டில 6400ன்னு இருக்கும், பொடிக்கோடு போட்ட டெஸ்ட் சார்ட் வச்சுப் பாத்தா 1500, 1600 கிட்டதான் நிஜமா விவரம் வரும், அதுக்கு மேல ஏத்தினா ஃபைல்தான் வீங்கும். ப்ளஸ்டெக் 8200ஐ-ல 7200ன்னு போட்டிருப்பான், வர்றது 3300லருந்து 3800க்குள்ள. அதுவும் பாதிதான், ஆனா 35 எம்எம்முக்கு அந்தப் பாதியே தாராளம். 2400ல ஒரு ஃப்ரேம் எடுத்தா நீளத்துல 3400 பிக்சல் வரும், எட்டுக்குப் பன்னெண்டு இஞ்ச் பிரிண்ட் போட கிட்டத்தட்ட போதும். போன்ல பாக்கவும் நாலுக்கு ஆறு பிரிண்டுக்கும்தான்னா அந்த வி600 மெஷினே போதும். உங்ககிட்ட 35 மட்டும்தான்னா நான் ப்ளஸ்டெக்தான் சொல்வேன். ஒரே கஷ்டம், ஒவ்வொரு ஃப்ரேமா கையாலதான் தள்ளணும், ஒரு ரோலுக்கு ஒரு சாயங்காலம் போயிடும்.

கோத்தகிரி: எங்க தாத்தா க்ளிக் 3 கேமராவுல எடுத்த ஹெத்தையம்மன் பண்டிகை படங்க, கருப்பு வெள்ளை, சதுர நெகட்டிவ். பழைய பிரிண்ட்ல எல்லாரோட வெள்ளைத் துணியும் மொத்தமா வெளுத்துப் போய் மடிப்பே தெரியல. ப்ளஸ்டெக் சரிப்படுமா?

சரிப்படாதுங்க, அது 120ங்கற அகல ஃபிலிம், ப்ளஸ்டெக் 8200 வாய்க்குள்ள நுழையவே நுழையாது. உங்களுக்கு வி600 மாதிரி ஃப்ளாட்பெட்தான், அதாவது தட்டையான கண்ணாடி மேல வச்சு எடுக்கற மெஷின். நெகட்டிவ் பெருசா இருக்கறதால டிபிஐ கம்மின்னாலும் கவலையில்ல, 56 மில்லிமீட்டர் சதுரம், 1600ல எடுத்தாலே பக்கத்துக்கு 3500 பிக்சல் வருது, அந்த கேமராவோட சாதா லென்ஸ் அதுக்கு மேல ஒன்னும் பாத்திருக்காது.

துணி விஷயம் என்னன்னா, நெகட்டிவ்ல வெள்ளைதான் கனமா கருப்பா விழும், மடிப்பெல்லாம் அதுக்குள்ள இருக்கும், அன்னிக்கு பிரிண்ட் போட்ட பேப்பர்தான் அத தாங்கல. 16 பிட் கிரேஸ்கேல்ல எடுங்க, ஆட்டோ எக்ஸ்போஷர ஆஃப் பண்ணிட்டு, ஹிஸ்டோகிராம்னு வெளிச்சம் இருட்டு காட்டற ஒரு படம் வரும், அதுல ரெண்டு ஓரத்தையும் வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளி விடுங்க, மடிப்பு வந்துரும்.

இன்னொன்னு, டிஜிட்டல் ஐஸ்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், தூசி தானா போகும்னு ஆசையா அழுத்திடாதீங்க. அது இன்ஃப்ராரெட் விட்டு தூசிய கண்டுபிடிக்கற வேலை, கருப்பு வெள்ளைல படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி இன்ஃப்ராரெட்ட மறைக்கும், அதனால மெஷின் உங்க பாட்டி மூஞ்சியவே தூசின்னு நெனச்சு தொடச்சு விட்டுரும். ஊதுபந்து வச்சு ஊதிட்டு மிச்சத்த கம்ப்யூட்டர்ல கையால எடுங்க. நம்ம ஊட்டி இந்து நகர் ஃபேக்டரில செஞ்ச இந்து கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் இதே கதைதான். அந்த ஃபேக்டரி இருந்த ஊர்லயே இன்னிக்கு ஒரு ரோல் கழுவ ஆள் தேட வேண்டியிருக்கு, சரி அது வேற பேச்சு.

குன்னூர், ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார்: மலை ரயில் ஸ்டீம் இஞ்சின ஸ்லைடு ஃபிலிம்ல எடுத்து வச்சிருக்கேன். ஸ்கேன்ல இஞ்சின் ஒரே கருப்பு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா சக்கரம், குழாய் எல்லாம் தெரியுதே?

சார், இது முந்தின கேள்விக்கு அப்படியே உல்டா. ஸ்லைடுல படம் நேராவே விழும், அதனால இருட்டான எடம்தான் கனம், கருப்பு இஞ்சின் நிழல்ல நின்னா அதுக்குள்ள வெளிச்சம் நுழையறதே கொஞ்சம். சாதா ஃப்ளாட்பெட் அங்க திணறும், பளிச்சுன்னு ஆக்கினா பொடிப்புள்ளியா வரும். நிக்கான் கூல்ஸ்கேன் இதுக்குன்னே பேர் வாங்கின மெஷின், ஆனா உற்பத்தி நின்னு வருஷமாச்சு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா உள்ள இருக்கற கண்ணாடில நம்ம ஊர் மிஸ்ட்டும் தூசியும் படிஞ்சிருக்கும், வெள்ளைய சுத்தி ஒரு புகை மாதிரி வரும். 9000 மாடல்னா ஃபயர்வயர்ங்கற பழைய கேபிள் வேற, இப்ப எந்த லேப்டாப்ல அந்த ஓட்டை இருக்கு?

உங்க பையன்கிட்ட 24 மெகாபிக்சல் கேமரா இருந்தா ஸ்கேனரே வேணாம். ஒண்ணுக்கு ஒண்ணு எடுக்கற மேக்ரோ லென்ஸ், சிஆர்ஐ (நெறத்த எவ்ளோ சரியா காட்டுதுங்கற அளவு) 95க்கு மேல உள்ள லைட் பேனல், ஆடாத ஸ்டாண்டு, அவ்ளோதான். 36 மில்லிமீட்டருக்கு 6000 பிக்சல், அதாவது 4200 டிபிஐ. கேமரா நேரா இருக்கான்னு பாக்க ஸ்லைடு வைக்கற எடத்துல சின்ன முகம் பாக்கற கண்ணாடி வைங்க, கேமரால பாத்தா படத்துக்கு நடுவுல லென்ஸே தெரியணும். ரூம் லைட்ட அணைச்சிட்டு, ஒன்னு சாதாரணமா, இன்னொன்னு ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம் கூட்டி எடுத்து, ரெண்டையும் கம்ப்யூட்டர்ல சேத்தீங்கன்னா குழாயெல்லாம் எந்திரிச்சு வரும். கலர் நெகட்டிவ இப்படி எடுக்கறது மட்டும் தலைவலி, ஃபிலிம் பூரா இருக்கற அந்த ஆரஞ்சு நெறத்த சரியா கழிக்கணும்.

கொடைக்கானல்: 1994ல குறிஞ்சி பூத்தப்ப எடுத்த கலர் நெகட்டிவ், ரெண்டு மூணு ஒட்டிக்கிச்சு, மேல வெள்ளையா பூஞ்சை. பூஞ்சைய எடுக்கற ஸ்கேனர் எதுங்க?

அக்கா, அப்படி ஒரு ஸ்கேனர் இல்ல. மொதல்ல காய வைக்கணும், அப்புறம்தான் மெஷின் பேச்சு. வெயில்ல போடாதீங்க, சுருண்டுக்கும். காத்துப் புகாத டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஒரு வாரம் வைங்க. தண்ணில மட்டும் கழுவிடாதீங்க. பூஞ்சை படம் இருக்கற ஜெலட்டின் படலத்தத் தின்னு அது தண்ணில கரையற பதத்துக்கு வந்திருக்கும், கழுவினா பூவும் சேந்து போயிரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 99 பர்சென்ட், பஞ்சுல தொட்டு பளபளப்பான பக்கத்துல மொதல்ல, ஓரத்துல ஒரு துளி வச்சுப் பாத்துட்டு. ஒட்டினத பிச்சு இழுக்காதீங்க, வர்ற மாதிரி இருந்தாலும் இழுக்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க. மிச்சத்துக்கு ஐஸ் இருக்கற மெஷின் எதுவும் சரி, கலர் நெகட்டிவ்ல ஐஸ் நல்லாவே வேலை செய்யும், ஆனா பூஞ்சை தின்னு குழி விழுந்த எடத்துல மெழுகுன மாதிரிதான் வரும்.

அப்புறம் பூ ரோஸ் சாயலா வந்தா ஸ்கேனர திட்டாதீங்க. சில நீலப்பூ கண்ணுக்குத் தெரியாத செவப்பு ஓரத்து வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும், நம்ம கண்ணு அத விட்டுரும், ஃபிலிம் பிடிச்சுக்கும். கையாலதான் நீலத்துக்குத் தள்ளணும்.

பல பேர்: ஆன்லைன்ல சில ஆயிரத்துக்கு குட்டி ஸ்கேனர், 22 மெகாபிக்சல்னு வருதே?

வேணாம். உள்ள இருக்கறது ஒரு மட்டமான சின்ன கேமரா. அதுக்கு உங்க போனே மேல், நெகட்டிவ வெள்ளை ஸ்கிரீன் மேல கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு எடுத்து, எது ஸ்கேன் பண்ண லாயக்குன்னு பொறுக்கிக்கலாம்.

கூடலூர்: ஸ்கேன் பண்ணத எந்த ஃபைலா சேவ் பண்றது, டிஃப்பா ஜேபெக்கா?

24 மெகாபிக்சல் கலர் 16 பிட் டிஃப் ஒன்னு 144 எம்பி. கல்யாணப்படம் மாதிரி முக்கியமானது டிஃப், மத்தது நல்ல ஜேபெக். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு ஒன்னு வேற வீட்ல இருக்கட்டும்.

வெலிங்டன்: டப்பாவத் திறந்தா வினிகர் வாசம் குப்புன்னு அடிக்குது, ஏன்?

அசிடேட்டுங்கற பொருள்ல செஞ்ச ஃபிலிம் கெட்டுட்டிருக்கு, ஈரத்துலயும் சூட்டுலயும் அது வேகமா போகும், அந்த ஆவி பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும். இன்னிக்கே தனியா பிரிங்க, சுருங்கி வளையறதுக்குள்ள அதைத்தான் மொதல்ல ஸ்கேன் பண்ணணும். என்கிட்ட கொண்டு வர்றதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, மத்தவங்க பெட்டி இருக்கற ரூம்ல அத வைக்க மாட்டேன், திண்ணைலதான்.