வேனில் குடியிருக்கலாம், அடுத்தவர் முகவரியில் இன்ஷூரன்ஸ் எடுக்கக் கூடாது

கேள்வி: தென் லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அறை வாடகைக்கே சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. பழைய ஸ்பிரின்டர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் பொருத்தி, அதிலேயே தங்கி வேலைக்குப் போக நினைக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரு அண்ணா, கென்ட்டில் இருக்கும் தன் சொந்தக்காரர் முகவரியைப் போட்டு மலிவாக இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா? யூ.கே. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது.

பதில்: எடுக்கவே எடுக்காதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் பயப்படுவது வேனில் தூங்குவதைப் பற்றி என்றால், அந்தப் பயம் தேவையில்லை. இங்கிலாந்தில் சொந்த வண்டியில் படுத்துத் தூங்குவது குற்றமில்லை. வரி, எம்.ஓ.டி. (வண்டியின் வருடாந்தரத் தகுதிச் சோதனை), இன்ஷூரன்ஸ் மூன்றும் சரியாக இருந்து, தடையில்லாத இடத்தில் வண்டி நின்றால் போதும். ஆனால் லண்டனில் அப்படி இடம் கிடைப்பதுதான் பாடு. குடியிருப்போருக்கான பார்க்கிங் பர்மிட் வாங்க அந்தப் பகுதியில் ஒரு முகவரி வேண்டும், அது உங்களிடம் இருக்காது. மருத்துவமனையின் ஊழியர் பார்க்கிங்கில் படுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தால், அதன் விதிமுறையை முதலில் படியுங்கள்.

இப்போது அந்த அண்ணாவுக்கு வருகிறேன். இங்கே இவர்களை 'கோஸ்ட் புரோக்கர்', அதாவது போலி இன்ஷூரன்ஸ் தரகர், என்பார்கள். நம் ஆட்கள் இருக்கும் குழுக்களில் தமிழில் பேசி, 'தம்பி, தங்கச்சி' என்று உறவு கொண்டாடி, பணத்தை வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்வார்கள். சிலர் தருவது முழுக்கப் போலிக் காகிதம். சிலர் நிஜமாகவே பாலிசி எடுத்து, சில நாளில் ரத்து செய்து, திரும்பி வரும் பணத்தையும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்: பாலிசி உண்மை, உள்ளே இருக்கும் விவரமெல்லாம் பொய். என் மேசைக்கு வந்த, இன்னொரு நர்ஸின் சான்றிதழில் பெயரும் வண்டி எண்ணும் சரியாக இருந்தன. பிறந்த வருஷம் பத்து ஆண்டு முன்னால் தள்ளியிருந்தது. நர்ஸாக வேலை பார்ப்பவருக்கு வேறேதோ அலுவலக வேலை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு ஏழு வருஷ 'நோ கிளெய்ம்' (இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்கான சலுகை). வண்டி இரவில் நிற்கும் இடம் என்ற வரியில், அந்தப் பெண் ஒரு நாள்கூடப் போயிராத ஊரின் போஸ்ட்கோட்.

'வண்டி இன்ஷூரன்ஸ் தரவுத்தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், இன்ஷூரன்ஸ் இருப்பதாகக் காட்டுகிறது' என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். மூன்றாவது வகையில் அப்படித்தான் காட்டும், ஏனென்றால் பாலிசி இருக்கிறது. விபத்து நடந்து கம்பெனி விவரங்களைத் தோண்டும்போதுதான் குட்டு உடையும். எதிரே அடிபட்டவருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிடும், அப்புறம் அந்தத் தொகையை உங்களிடம் கேட்பார்கள். உங்கள் வேனுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு, ஒரு பென்னிகூட வராது.

காகிதமே போலி என்றால் இன்னும் கேடு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட், வண்டியையும் போலீஸ் இழுத்துக்கொண்டு போகலாம். முதல் யூ.கே. லைசென்ஸ் வாங்கி 2 வருஷத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. தியரியிலிருந்து மறுபடி எழுத வேண்டும். நீங்கள் அந்த 2 வருஷத்துக்குள்தான் இருக்கிறீர்கள். ஏமாந்தது நான்தானே என்று சொன்னாலும், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஓட்டுபவருடையது. விற்றவர் அதற்குள் நம்பரை மாற்றியிருப்பார்.

யாரிடம் வாங்கினாலும், நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இலவசம்தான். அதில் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிடுங்கள். அவர் அனுப்பும் எண்ணுக்கு அல்ல.

சரி, சொந்தக்காரர் முகவரியை எந்தக் காலத்திலும் பயன்படுத்தவே கூடாதா? கூடும், ஒரே ஒரு விதத்தில். கடிதம் வந்து சேரும் முகவரி வேறு, வண்டி இரவில் நிற்கும் இடம் வேறு. 'எனக்கு நிலையான வீடு இல்லை, வேனில்தான் வாழ்கிறேன், லண்டனில் இன்னின்ன பகுதியில் நிறுத்துகிறேன், கடிதம் மட்டும் இந்த முகவரிக்கு வரட்டும்' என்று கம்பெனியிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர்கள் தெரிந்தே ஒப்புக்கொண்டால் அது பொய் இல்லை. அந்த வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடிதம் வந்த அன்றே உங்களுக்குச் சொல்பவராக இருக்க வேண்டும், ஏனென்றால் வண்டிப் பதிவிலும் அதே முகவரி இருந்தால் அபராத நோட்டீஸும் அங்கேதான் வரும். கென்ட்டில் வண்டி நிற்பதாக எழுதி தென் லண்டன் டூட்டிங்கில் நிறுத்தினால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. வாரத்தில் ஓர் இரவு அங்கே போய்ப் படுத்தாலும் பொருந்தாது. வண்டி பெரும்பாலான இரவுகளில் எங்கே நிற்கிறது என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

இந்த முகவரிக் கூத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. லைசென்ஸுக்கு முகவரி, வண்டிப் பதிவுக்கு முகவரி, இன்ஷூரன்ஸுக்கு முகவரி. இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவரால் வாடகை கொடுக்க முடியாத ஊரில், முகவரி இல்லாதவருக்கு ஒரு படிவத்திலும் இடமில்லை. வண்டிப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ. வேறு, வேனை 'மோட்டார் கேரவன்' (தங்கும் வசதியுள்ள வண்டி) என்று பதிய, இருபக்கமும் கேரவன் பாணிப் படம் ஒட்டியிருக்கிறதா, அவ்னிங் (பக்கவாட்டுக் கூடாரத் துணி) மாட்டும் கம்பி இருக்கிறதா, உயர்ந்த கூரையா என்று வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. உள்ளே எவ்வளவு ஒழுங்காகப் படுக்கை போட்டாலும் 'பேனல் வேன்' (சாதாரண சரக்கு வேன்) என்றே விட்டுவிடுகிறார்கள். அதற்காகக் கவலைப்படாதீர்கள், அப்படியே ஓட்டுவது சட்டப்படி சரிதான். 'பதிவை மாற்றித் தருகிறேன்' என்று பணம் கேட்பவரையும் அனுப்பிவிடுங்கள். மாற்றங்களைக் கம்பெனிக்கு முழுதாகச் சொன்னால் போதும்.

விசாவில் இருப்பதால் முகவரி மாறினால் விசா, குடியேற்றத் துறையான யூ.கே.வி.ஐ.யில் உள்ள உங்கள் கணக்கில் திருத்த வேண்டும். அங்கே என்ன எழுதுவது என்பதை வேனுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரு பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் கேளுங்கள்.

டீசல் வேன் என்றால் புகை வெளியீட்டில் யூரோ 6 தரமா என்று பாருங்கள். இல்லையென்றால் லண்டன் எல்லைக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் யூலெஸ் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்கான) கட்டணம் 12.50 பவுண்டு. நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு ஷிப்டுக்கு ஒன்பது மணிக்கு ஓட்டிப் போய்க் காலையில் திரும்பினால் இரண்டு நாள் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குக் கட்டணமில்லை.

குடித்துவிட்டு வேனில் படுக்காதீர்கள். சாவி கையில் இருந்தால் ஓட்டாமலே வழக்கு வரலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள்.

வேன் வாங்குவதற்கு முன், கேம்பர்வேன் இன்ஷூரன்ஸ் செய்யும் புரோக்கரைக் கூப்பிட்டு, 'முழுநேரமும் இதில் வாழ்வேன், வேலைக்கும் ஓட்டுவேன்' என்று இரண்டையும் சொல்லுங்கள். பல பாலிசிகள் முழுநேரக் குடியிருப்பை ஏற்பதில்லை, ஏற்பவை சில உண்டு. ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். அது கையில் வராதவரை வேனுக்குப் பணம் கட்டாதீர்கள்.