ஊசி ஒன்று, கோடு மூன்று: வாசகர் கேள்விகள்

(கோடு என்றால் அமெரிக்க மருத்துவ பில்லில் ஒவ்வொரு சிகிச்சைக்கும், பரிசோதனைக்கும் போடும் எண். ஆர்த்ரோகிராம் என்றால் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை மூட்டுக்குள் ஊசியால் ஏற்றி எடுக்கும் படம்.)

கேள்வி: தோள்பட்டை எம்ஆர் ஆர்த்ரோகிராம் சார்ட் ஒன்றுக்கு 23350, 73040, 77002, 73222 நான்கையும் போட்டேன். கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் 73040-ஐ நீக்கிவிட்டு எர்ரர் போட்டுவிட்டார். ஃப்ளோரோவில் கான்ட்ராஸ்ட் பார்த்ததாக ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே சார்?
- மெடிக்கல் கோடர், பெருங்குடி

பதில்: ஆடிட்டர் செய்தது சரிதான், கோபப்படாதீர்கள். 23350 ஊசிக்கு, 73040 எக்ஸ்ரே ஆர்த்ரோகிராமுக்கு, 77002 ஃப்ளோரோ (ஓடும் எக்ஸ்ரே) வழிகாட்டலுக்கு, 73222 கான்ட்ராஸ்ட்டுடன் எடுக்கும் எம்ஆர்ஐக்கு. அந்த ஃப்ளோரோ எதற்காக என்று பாருங்கள். ஊசி முனை மூட்டுக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டாக்டர் கொஞ்சம் அயோடின் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பார்க்கிறார், அது மூட்டுக்குள் பரவியதும் எம்ஆர்ஐக்கான கான்ட்ராஸ்ட்டான கேடோலினியம் கலவையைச் செலுத்தி நோயாளியை எம்ஆர்ஐ அறைக்கு அனுப்பிவிடுகிறார். இது வழிகாட்டல் மட்டும்தான், அதற்கு 77002 போதும். 73040 வேண்டுமென்றால் எக்ஸ்ரே ஆர்த்ரோகிராம் என்று தனியாகப் படங்கள் எடுத்து, கான்ட்ராஸ்ட் எங்கே கசிகிறது, தசைநார் கிழிந்திருக்கிறதா என்று அந்தப் படங்களை வைத்தே கருத்து எழுதியிருக்க வேண்டும். உங்கள் சார்ட்டில் 'ஊசி மூட்டுக்குள் இருப்பது உறுதியானது' என்ற ஒரு வரிக்கு மேல் இல்லையென்றால் 23350, 77002, 73222, அவ்வளவுதான். எம்ஆர்ஐயே இல்லாமல் எக்ஸ்ரே ஆர்த்ரோகிராம் மட்டும் நடந்திருந்தால் 23350-உடன் 73040 வரும், அப்போது 77002 போகக்கூடாது, ஃப்ளோரோ அதற்குள்ளேயே அடக்கம்.

இதெல்லாம் இந்தக் கோடுகளைப் பட்டியலிடும் சிபிடி புத்தகத்தில் 23350-க்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அப்படியே இருக்கிறது. சாஃப்ட்வேரில் கோடைத் தேடி எடுக்கும் பழக்கம் வந்தபிறகு அந்தச் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பது என் பல நாள் புகார்.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலர் 73222-க்குப் பதில் 73223 போடுகிறார்கள். கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு முழு எம்ஆர்ஐ, பிறகு கான்ட்ராஸ்ட்டுடன் இன்னொன்று என இரண்டும் நடந்தால்தான் அது. ஆர்த்ரோகிராமில் பெரும்பாலும் ஊசிக்குப் பிறகுதான் ஸ்கேனே ஆரம்பிக்கும், 'டெக்னிக்' பத்தியில் வரிசையைப் பாருங்கள். மருந்து ரத்தக்குழாய் வழியாகப் போகாமல் மூட்டுக்குள் போனாலும் 'வித் கான்ட்ராஸ்ட்'தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் நடந்து டாக்டர் பக்கம் மட்டும் பில் செய்கிறீர்கள் என்றால் 26 என்ற மாடிஃபையர் (கோடோடு ஒட்டிப் போடும் குறி) 77002-க்கும் 73222-க்கும் போகும், 23350-க்குப் போகாது. அதற்கு வலது, இடது என்று காட்டும் மாடிஃபையர் போட்டால் போதும்.

கேள்வி: முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி. எங்கள் டீமில் ஒருவர் 27369 போடச் சொல்கிறார். சரியா?
- பயிற்சி கோடர், திருச்சி

பதில்: கூடவே கூடாது. ஸ்டீராய்டுக்கு 20610. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே போட்டு, படத்தைச் சேமித்து, ரிப்போர்ட்டும் எழுதியிருந்தால் 20611. 27369 என்பது ஆர்த்ரோகிராமுக்காகக் கான்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கு மட்டும். இதற்கு முன்னால் 27370 என்று ஒன்று இருந்தது, சாதாரண முழங்கால் ஊசிக்கெல்லாம் அதைப் போட்டுத் தள்ளியதில் எண்ணிக்கை எகிறி, கடைசியில் 2019-ல் அதையே தூக்கிவிட்டு 27369-ஐக் கொண்டுவந்தார்கள். புதுக்கோடுக்குக் கீழே 20610, 20611-ஐக் கூடப் போடாதே என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் நடக்கிறது! ஊசி எங்கே குத்தினார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே என்ன போனது, எதற்காகப் போனது என்று பாருங்கள்.

கேள்வி: இடுப்பு ஆர்த்ரோகிராமில் லிடோகெய்ன் போட்டிருக்கிறார்கள். 27093-ஆ, 27095-ஆ?
- வாசகி, கோவை

பதில்: 27093 அனஸ்தீசியா இல்லாமல் போடும் இடுப்பு ஆர்த்ரோகிராம் ஊசிக்கு, 27095 அனஸ்தீசியாவோடு போடுவதற்கு. தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னை அனஸ்தீசியா கணக்கில் சேர்க்காதீர்கள். 27093.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் மகனுக்குத் தோளில் ஆர்த்ரோகிராம் எடுத்தார்கள். ஒரே நாள், ஒரே ஊசி, இரண்டு பில். ஏமாற்றுகிறார்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு பில் வந்ததாலேயே ஏமாற்று என்று சொல்ல முடியாது ஐயா. அங்கே அறை, மெஷின், மருந்துக்கு ஆஸ்பத்திரி ஒரு பில் அனுப்பும், ஊசி போட்டுப் படத்தைப் படித்த ரேடியாலஜிஸ்ட் தனி பில் அனுப்புவார். அதனால் ஊசியின் கோடு இரண்டிலும் இருந்தால் பதற வேண்டாம், ஒரே பில்லில் இரண்டு தடவை இருந்தால் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். வரிவாரியான பில் கேட்டால் கொடுப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விளக்கத்தாளில் 'நோயாளி தரவேண்டியது' என்று என்ன தொகை இருக்கிறதோ, அதற்குமேல் கேட்டால் பணம் கட்டுவதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு போன் போடட்டும். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருந்து ரேடியாலஜிஸ்ட் மட்டும் வெளியே என்றால், மிச்சத்தொகையை மகன் தலையில் கட்ட முடியாது, 2022 ஜனவரி 1 முதல் அதற்கென்றே அமெரிக்காவில் மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியோடு சேராத தனி ஸ்கேன் சென்டரில் எடுத்திருந்தால் அந்தச் சட்டம் கைகொடுக்காது, எங்கே எடுத்தார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.